நேற்றை ஏற்காத நிகழ்காலம்

2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கியது. சற்று நேரத்தில் இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காணொலியில் இணைந்திருந்த பிரதமரிடம் ஆங்கிலத்தில் அறிவித்தார். முதலில், ‘வீ ஹேவ் அச்சீவ்ட் சாஃப்ட் லேண்டிங் ஆன் தி மூன்’. அதை ஒட்டி, ‘இந்தியா இஸ் ஆன் தி மூன்’.

பள்ளியில் நம்மைப் பாடாய்ப்படுத்திய ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்ற வினைவடிவத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. தரையிறங்கியது முடிந்துபோன காரியம். ‘வீ அச்சீவ்ட்’ என்று சொல்லியிருந்தாலும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அவர் ‘ஹேவ்’ சேர்த்தார். அந்த ‘ஹேவ்’ மறைமுகமாகச் சொன்னதைத்தான் அடுத்த வாக்கியம் ‘இஸ்’ போட்டு வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: இந்தியா இப்போது நிலவில் இருக்கிறது.

அன்று மாலை இஸ்ரோ சமூக வலைதளத்தில் இட்ட பதிவு இன்னும் சுவையானது. விண்கலமே நம்மிடம் பேசுவதுபோல ஒரு வரி, ‘ஐ ரீச்ட் மை டெஸ்டினேஷன்’ என்று போகிறது. தொடர்ந்து இஸ்ரோவின் குரலில், ‘சந்திரயான்-3 ஹேஸ் சக்சஸ்ஃபுலி சாஃப்ட்-லேண்டட்’ என்று வருகிறது. நிகழ்ச்சி ஒன்றுதான், வினைவடிவம் இரண்டு. லண்டன் துணையாசிரியர் கையில் இது கிடைத்திருந்தால் முதல் வரியிலும் ‘ஹேவ்’ ஏறியிருக்கும். அமெரிக்கருக்கு அது அப்படியே இருந்தாலும் உறுத்தாது. நாம் இரண்டு வழியிலும் போகிறோம். அதோடு, இரண்டு ஊர்க்காரர்களும் போகாத மூன்றாவது வழி ஒன்றும் நமக்கு உண்டு: ‘ஐ ஹேவ் கம் எஸ்டர்டே.’

இந்த மூன்றாவது வழியை ‘இந்தியர்களின் பிழை’ என்று சொல்லித் திருத்துவது எளிது. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. என் பதில் இது: பிரசன்ட் பெர்ஃபெக்ட் இறந்தகாலத்தின் ஒரு வகை என்று நமக்குத் தவறாகக் கற்பித்தார்கள். அது நிகழ்காலம். அதைப் போலவே தோற்றமளிக்கும் வடிவம் ஒன்று தமிழிலும் இருக்கிறது. ஆனால் அதன் எல்லைகள் வேறு.

முதலில் பாடப்புத்தக விளக்கத்தைப் பார்ப்போம். ‘சற்றுமுன் முடிந்த செயல்’ என்பார்கள். 1969 ஜூலை 20 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங் ஹூஸ்டனுக்குச் சொன்ன ‘தி ஈகிள் ஹேஸ் லேண்டட்’ என்ற வாக்கியத்துக்கு அது பொருந்தும். ஆனால் ‘ஐ ஹேவ் ரெட் சிலப்பதிகாரம்’ என்று ஒருவர் சொன்னால்? அவர் நாற்பது வருடத்துக்கு முன் கல்லூரியில் படித்திருக்கலாம். அங்கே ‘சற்றுமுன்’ எங்கே வந்தது? ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் திருச்சி சின்ஸ் 1990’ என்றால் அந்தச் செயல் முடியவே இல்லை. ஆக ‘சற்றுமுன்’ என்பதும் நிற்கவில்லை, ‘முடிந்த’ என்பதும் நிற்கவில்லை. இந்த எல்லாவற்றுக்கும் பொதுவாக எஞ்சுவது ‘இப்போது’ மட்டுமே. ஈகிள் இப்போது நிலவில் நிற்கிறது. நான் இப்போது சிலப்பதிகாரம் படித்த ஆள். இப்போதும் திருச்சியில்தான் இருக்கிறேன். டேனிஷ் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இல் வந்த ‘தி ஃபிலாசபி ஆஃப் கிராமர்’ நூலிலேயே இதைப் பின்னோக்கிப் பார்க்கும் நிகழ்காலம் என்ற பொருளில் வகைப்படுத்திவிட்டார். நூறாண்டு கழிந்தும் நம் வகுப்பறைக்கு அது வந்து சேரவில்லை.

‘ஹேவ்’ இங்கே எப்படி நுழைந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி சிக்கல் தீரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது துணைவினை அல்ல. ‘வைத்துக்கொண்டிருத்தல்’ என்ற முழு வினை. ‘நான் அந்த மீனைப் பிடிபட்டதாக வைத்திருக்கிறேன்’ என்ற அமைப்பில் வாக்கியம் இருக்கும். ‘பிடிபட்ட’ என்ற சொல் மீனுக்கு அடைமொழி. மீனின் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப அதன் ஈறுகூட மாறும். மீன் கையில் இருக்கிறது, அது பிடிபட்ட நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான் பொருள். யார் பிடித்தார் என்பதுகூட அங்கே முக்கியமில்லை. கையில் வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் பிடித்தவராகவும் இருப்பார் என்பதால் நாளடைவில் கேட்பவர்கள் ‘பிடித்தவர் இவர்’ என்று பொருள்கொள்ளத் தொடங்கினார்கள். ஈறுகள் உதிர்ந்தன. பெயரோடு ஒட்டியிருந்த சொல் ‘ஹேவ்’ பக்கம் நகர்ந்து அதனோடு ஒட்டிக்கொண்டது. லத்தீனும் இதே பாதையில் போய்த்தான் பிரெஞ்சு, இத்தாலிய வடிவங்கள் பிறந்தன.

தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வதில் ஒரு சிரமமும் இருக்கக் கூடாது. ‘கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்’, ‘சாவியை எடுத்து வைத்திருக்கிறேன்’ என்று நாம் தினமும் பேசுகிறோம். எழுதியதும் எடுத்ததும் போன காரியம், வைத்திருப்பது இப்போது.

போதல், வருதல், ஆதல் போன்ற வினைகளுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வரவில்லை. அவற்றுக்கு ‘பீ’, அதாவது ‘இரு’ என்ற வினைதான் வந்தது. கையில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லாத செயல்களுக்கு அதுதானே பொருத்தம்? ‘ஹி இஸ் கம்’ என்றால் அவர் வந்திருக்கிறார் என்று பொருள். சொல்லுக்குச் சொல் தமிழேதான். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இந்த வடிவம் நிறையக் கிடைக்கும். ஜேன் ஆஸ்டின் எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது வழக்கில் இருந்தது. அதன் பிறகு ‘ஹேவ்’ எல்லா வினைகளையும் பிடித்துக்கொண்டது. செயப்பாட்டு வினைக்கும் ‘பீ’யே வேண்டியிருந்ததால் அதன் தலையில் பாரம் அதிகமாகிவிட்டது என்பது ஒரு காரணம். இன்று ‘தி மணி இஸ் கான்’ போன்ற சில தொடர்களில் மட்டும் பழைய ‘பீ’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனும் பிரெஞ்சும் இன்றுவரை இரண்டு துணைவினைகளையும் விடவில்லை.

இனி ‘நேற்று’ விவகாரம். பி. சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் எழுதி, 1930களிலிருந்து இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் இலக்கண நூல் இதைக் கறாராகச் சொல்லும்: பிரசன்ட் பெர்ஃபெக்ட்டோடு கடந்தகாலத்தைக் குறிக்கும் சொற்கள் வரவே கூடாது. (பாலைவனப் படைவீரர்களின் கதையான ‘போ ஜெஸ்ட்’ நாவலை எழுதியவரும் இதே ரென்தான். விதிகளில் அவர் காட்டும் ராணுவக் கண்டிப்புக்கு அது காரணமோ என்னவோ.) ஏன் கூடாது என்று நூல் சொல்வதில்லை. சொல்லாதது அவர் குற்றமில்லை. மொழியியலாளர்களே இன்னும் அடித்துக்கொள்ளும் கேள்வி அது.

தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஹன்பாக் 1947இல் ஒரு எளிய கருவி தந்தார். எந்த வினைமுற்றிலும் மூன்று நேரங்கள் உள்ளன என்றார்: செயல் நடந்த நேரம், பேசும் நேரம், எங்கே நின்று அந்தச் செயலைப் பார்க்கிறோமோ அந்த நேரம். ‘ஐ கேம்’ என்னும்போது பார்க்கும் இடம் வந்த அந்தக் கணத்திலேயே இருக்கிறது. பேச்சாளர் மனத்தால் அங்கே போய் நிற்கிறார். ‘ஐ ஹேவ் கம்’ என்னும்போது பார்க்கும் இடம் இன்று, இங்கே. செயல் மட்டும் பின்னால் கிடக்கிறது. ‘நேற்று’ என்ற சொல் பார்க்கும் இடத்தை நேற்றுக்கு இழுக்கிறது, ‘ஹேவ்’ இன்றைக்கு இழுக்கிறது. இழுபறியில் வாக்கியம் உடைகிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘நேற்று’ ஏன் பார்க்கும் இடத்தைத்தான் குறிக்க வேண்டும்? செயல் நடந்த நேரத்தைக் குறித்துவிட்டுப் போகக் கூடாதா? ஜெர்மன் மொழியியலாளர் வொல்ஃப்காங் க்ளைன் 1992இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது. அவர் விடையைச் சுருக்கினால்: ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்ற நிகழ்கால வடிவமே பேச்சின் இடத்தை ‘இப்போது’ என்று உறுதியாக நட்டுவிடுகிறது. அதே வாக்கியத்தில் செயலின் இடத்தையும் ‘நேற்று’ என்று இன்னொரு புள்ளியில் தனியாக நட ஆங்கிலம் அனுமதிப்பதில்லை.

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ‘ஹி மஸ்ட் ஹேவ் கம் எஸ்டர்டே’ சரியான ஆங்கிலம். ‘ஹி ஹேட் கம் தி டே பிஃபோர்’ என்பதும் சரி. இரண்டிலும் அதே துணைவினை இருக்கிறது, அதே ‘கம்’ இருக்கிறது. ஆகவே ‘நேற்று’க்கு ‘பெர்ஃபெக்ட்’டோடு எந்தப் பகையும் இல்லை, ‘பிரசன்ட்’டோடுதான் பகை. ‘மஸ்ட்’ வந்து ‘ஹேவ்’வின் நிகழ்காலத்தன்மையைப் பறித்தவுடன் தடையும் விலகிவிடுகிறது. நம் மாணவர்கள் திணறும் இடமும் இதுதான். ‘மஸ்ட் ஹேவ் கம் எஸ்டர்டே’ என்று எழுதினால் மதிப்பெண், ‘ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்று எழுதினால் சிவப்புக் கோடு. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் கொடுத்தால் இது அநியாயமாகத்தான் தெரியும்.

இந்தத் தடை எல்லா மொழிக்கும் பொதுவான தர்க்க விதியும் அல்ல. ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் இதே அமைப்பில் ‘நேற்று’ போட்டுத் தாராளமாகப் பேசுகிறார்கள். பேச்சு பிரெஞ்சில் பழைய சாதாரண இறந்தகால வடிவமே வழக்கொழிந்து, ‘ஹேவ்’ வகை வடிவம் அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பாரிஸின் போர்ட்-ராயல் மடத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 1660இல் எழுதிய இலக்கணத்தில் அங்கேயும் ஒரு கோடு இருந்தது: இன்று நடந்தால் ஒரு வடிவம், நேற்றோ அதற்கு முன்போ என்றால் இன்னொரு வடிவம். அந்தக் கோடு பேச்சில் அழிந்துவிட்டது. ஆங்கிலத்திலும் கோடு தொடக்கம் முதல் இருந்ததல்ல. முந்தைய நூற்றாண்டுகளின் ஆங்கில எழுத்துகளில் ‘ஹேவ்’வும் குறிப்பிட்ட கடந்தகாலச் சொல்லும் சேர்ந்து வந்த வாக்கியங்கள் உண்டு. விதி இறுகியது பின்னாளில். இன்றும் அது முழுசாக இறுகிவிடவில்லை. ஆஸ்திரேலியர்கள் பேச்சில் கதை சொல்லும்போது தொடர் நிகழ்ச்சிகளைப் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டில் அடுக்குவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கால்பந்து வீரர்கள் ஆட்டம் முடிந்து பேட்டி கொடுக்கும்போதும் அப்படித்தான்: அவன் தாண்டியிருக்கிறான், பந்தைத் தட்டியிருக்கிறான், நான் அடித்திருக்கிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு வந்தார். அங்கேதான் அரையாடைக்கு மாறினார். இதைப் பற்றி ஒருவர் எழுதும்போது ‘காந்தி 1921இல் மதுரைக்கு வந்திருக்கிறார்’ என்று எழுதினால் தமிழில் எந்த ஆசிரியரும் திருத்த மாட்டார். அப்படியே ஆங்கிலமாக்கி ‘காந்தி ஹேஸ் கம் டு மதுரை இன் 1921’ என்றால் ஒரே வாக்கியத்தில் இரண்டு விதிகள் உடைகின்றன. ஆண்டு சொல்லியது ஒன்று. இறந்தவரைப் பற்றிச் சொல்லியது இன்னொன்று.

இரண்டாவது விதி பலருக்குப் புதிதாக இருக்கும். நோம் சாம்ஸ்கி 1970களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டிய வாக்கியம் மொழியியலில் பிரபலம்: ‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்.’ ஐன்ஸ்டைன் 1955இல் இறந்துவிட்டார். அதனால் இது ஆங்கிலக் காதுக்கு இடறுகிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற தொனி வந்துவிடுகிறது. ஆனால் அதையே செயப்பாட்டில் திருப்பி, பிரின்ஸ்டனை எழுவாயாக்கி, ‘பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டைன்’ என்றால் இடறல் போய்விடுகிறது. ஐன்ஸ்டைன் இல்லை, ஊர் இருக்கிறது. நிகழ்காலத்தில் நிற்பதற்கு யாராவது வேண்டும், அவ்வளவுதான்.

தமிழின் ‘வந்திருக்கிறார்’ அப்படி யாரையும் எதிர்பார்ப்பதில்லை. ஏன்? ‘இருக்கிறார்’ என்பதும் நிகழ்கால வடிவம்தானே? இங்கேதான் தமிழ் வேறு வேலை செய்கிறது. காலையில் கதவைத் திறந்தால் வாசல் நனைந்திருக்கிறது. ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். இரவு விழித்திருந்து மழையைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ‘ராத்திரி மழை பெய்தது’ என்பார். நனைந்த வாசலைப் பார்த்து ஊகித்தவரின் வடிவம் ‘பெய்திருக்கிறது’. திருட்டு நடந்த வீட்டில் கம்பி வளைந்திருப்பதைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர், ‘ஜன்னல் வழியாத்தான் வந்திருக்கான்’ என்கிறார். அவர் திருடனைப் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்க்கிறார். ‘இருக்கிறது’ என்ற நிகழ்காலம் இங்கே தடயத்தின் நிகழ்காலம். தடயமோ ஆவணமோ கையில் இருக்கும்வரை செயல் நேற்று நடந்தால் என்ன, 1921இல் நடந்தால் என்ன, ராஜராஜன் காலத்தில் நடந்தால் என்ன? கல்வெட்டறிஞர் ‘மன்னர் இந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்திருக்கிறார்’ என்றுதான் சொல்கிறார். காந்தி வாக்கியமும் அந்த ரகம். எழுதியவர் தேடிப் பார்த்ததில் தெரியவந்தது என்ற தொனி அதில் இருக்கிறது.

இப்படி ஒரு வடிவம் ‘முடிந்த நிலை’யிலிருந்து ‘நான் நேரில் பார்க்கவில்லை’ என்ற பொருளுக்கு நகர்வது உலக மொழிகளில் அபூர்வமில்லை. துருக்கி, பல்கேரியம், ஜார்ஜியம் எல்லாம் இந்தத் திசையில் போனவை. சமஸ்கிருதத்தில் பாணினி கடந்தகாலத்துக்கு மூன்று வடிவங்களைப் பிரித்துக் காட்டினார்: பொதுவான கடந்தகாலம், இன்றைய நாளுக்கு முந்தையது, பேசுபவர் கண்ணால் காணாதது. மூன்றாவதாகச் சொன்ன வடிவத்துக்குத்தான் ஐரோப்பிய இலக்கண ஆசிரியர்கள் பின்னாளில் ‘பெர்ஃபெக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். ‘இன்று’ என்ற எல்லைக்கோட்டைப் போர்ட்-ராயலுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அவர் போட்டிருந்தார் என்பது உபரிச் செய்தி. தமிழ் மரபிலக்கணம் காலத்தை மூன்றோடு நிறுத்திக்கொண்டது. ‘இரு’ சேர்ந்த வடிவம் துணைவினைக் கணக்கில் ஒதுங்கிவிட்டது. ஆகவே தமிழாசிரியரும் இதை விரித்துச் சொல்லவில்லை, ஆங்கில ஆசிரியரும் சொல்லவில்லை.

எழுத்துத் தமிழில் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. நாளிதழைப் பிரித்தால் முதல் பத்தியிலேயே கண்ணில் படும்: ‘அறிவித்துள்ளார்’, ‘தெரிவித்துள்ளார்’, ‘உயிரிழந்துள்ளனர்’. வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் செய்தியின் தொடக்க வாக்கியத்துக்கு இது கட்டாயம் போல ஆகிவிட்டது. அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் மெக்காலி 1971இல் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டின் பயன்களை நான்காகப் பிரித்தபோது அவற்றில் ஒன்றுக்குச் ‘சுடச்சுடச் செய்தி’ என்ற பொருளில் பெயர் வைத்தார். பிபிசி செய்தியறிக்கையைக் கவனித்தால் தெரியும். பேருந்து கவிழ்ந்திருக்கிறது என்று முதல் வாக்கியம் ‘ஹேஸ்’ போட்டுத் தொடங்கும். எத்தனை மணிக்கு, எந்த வளைவில் என்ற விவரங்களுக்கு வந்தவுடன் சாதாரண இறந்தகாலத்துக்கு மாறிவிடும். நம் நாளிதழும் அதையேதான் செய்கிறது, ஒரு வித்தியாசத்தோடு: ‘முதல்வர் நேற்று அறிவித்துள்ளார்’ என்று நேற்றையும் சேர்த்துக்கொள்கிறது. இதே கையால் ஆங்கிலச் செய்தி எழுதும் நிருபரின் பிரதியில் ‘தி போலீஸ் ஹேவ் அரெஸ்டட் த்ரீ பெர்சன்ஸ் ஆன் சன்டே’ என்று வருவதில் ஆச்சரியமென்ன? அவர் ஆங்கில விதியை மறந்ததாகச் சொல்வதைவிட, தமிழ் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தார் என்பதே பொருத்தம்.

தமிழ் ஏமாற்றும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ‘இல்லை’ இன்னொன்று. ‘அவர் நேற்று வரவில்லை’, ‘அவர் இன்னும் வரவில்லை’ ஆகிய இரண்டிலும் வினை ஒன்றே. ‘வரவில்லை’ என்ற எதிர்மறை வடிவத்தில் ‘வந்தார்’, ‘வந்திருக்கிறார்’ என்ற வேறுபாடு பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘டிட் நாட் கம்’, இரண்டாவதற்கு ‘ஹேஸ் நாட் கம்’. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ‘ஹி டிட் நாட் கம் எட்’ என்ற வாக்கியம் தழைத்திருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. அமெரிக்கர்களே ‘டிட் யூ ஈட் எட்’ என்று கேட்பதால் இந்த இடத்தில் நமக்கு யோகம், யாரும் கண்டுகொள்வதில்லை.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ விவகாரத்தில் அந்த யோகம் கிடையாது. ‘பத்து வருஷமா வேலை செய்றேன்’, ‘பத்து வருஷம் வேலை செஞ்சேன்’ என்ற இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள். இன்றுவரை தொடர்வதைத் தமிழில் ‘வருஷமா’வின் கடைசி ‘ஆ’ சொல்லிவிடுகிறது. அதனால் வினை சாதாரண நிகழ்காலத்தில் நின்றால் போதும். ஆங்கிலத்தில் ‘ஃபார் டென் இயர்ஸ்’ இரண்டு பொருளுக்கும் பொது. தொடர்கிறதா முடிந்ததா என்பதை வினைதான் சுமக்க வேண்டும்: ‘ஹேவ் ஒர்க்ட்’ என்றால் இன்னும் அங்கேதான், ‘ஒர்க்ட்’ என்றால் விட்டுவிட்டார். நேர்காணலில் ‘ஐ ஒர்க்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், ஏன் வேலையை விட்டீர்கள் என்ற கேள்வி உடனே வரும். வேலையில் இருப்பவர் விழிப்பார். மறுபக்கம், தமிழை அப்படியே பெயர்த்து ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பதும் நம்மிடம் உண்டு. இதில் பொருள் சிதையவில்லை, இலக்கணம்தான் சிதைந்தது. இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். பள்ளியில் கோடு விழுவது இரண்டாவதற்கு.

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலம் ஒரே வடிவத்தில் அடைத்துவைத்ததைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்கிறோம். வெளியூர்க்காரரிடம் ‘நுங்கு சாப்பிட்டிருக்கீங்களா?’ என்கிறோம். முதல் கேள்வி இன்றைய வயிற்றைப் பற்றியது, இரண்டாவது வாழ்நாள் அனுபவத்தைப் பற்றியது. ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஹேவ் யூ ஈட்டன்’தான், ‘எவர்’ சேர்த்தால்தான் பிரியும். வேறொரு இடத்தில் ஆங்கிலம் நம்மை முந்துகிறது. ‘அப்பா மதுரைக்குப் போயிருக்கார்’ என்பது அவர் இப்போது வீட்டில் இல்லை என்றும் பொருள்படும், அவர் மதுரையைப் பார்த்தவர் என்றும் பொருள்படும். ஆங்கிலம் ‘ஹேஸ் கான்’, ‘ஹேஸ் பீன்’ என்று இரண்டாக்கிவிட்டது.

இலக்கணக்காரர்களின் நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு மனிதரின் சிறைத்தண்டனையை இந்த வினைவடிவத்தைச் சுட்டிக்காட்டி உறுதிசெய்தது. கென்டக்கி மாநிலத்துக்காரர் ஒருவர். 1967இல் வீடு புகுந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். 1972இல் உள்ளூர்க் கடையில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். தண்டனை பெற்றவர்கள், மாநில எல்லை தாண்டி ‘ஹேஸ் பீன் ஷிப்ட்’ என்ற வகைத் துப்பாக்கியைப் பெறக்கூடாது என்பது 1968ஆம் ஆண்டுச் சட்டம். துப்பாக்கி மாசசூசெட்ஸில் செய்யப்பட்டு, வட கரோலினா வழியாகக் கென்டக்கிக் கடைக்கு வந்திருந்தது. நான் வாங்கியதும் விற்றவர் கொடுத்ததும் ஒரே மாநிலத்துக்குள்தானே, எல்லை தாண்டிய பயணம் அதற்கு முன்பே முடிந்துவிட்டதே என்பது அவர் வாதம்.

நீதிபதி ஹாரி பிளாக்மன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் அந்தச் சட்டப்பிரிவில் ஓரிடத்தில் நிகழ்காலத்தையும் ஓரிடத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டையும் தெரிந்தே மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது. ‘ஹேஸ் பீன்’ என்றால் முடிந்த செயல், எப்போது முடிந்தது என்பது கேள்வியில்லை என்றது. இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. சட்டம் சொல்வது துப்பாக்கியின் பயணத்தைப் பற்றியல்ல என்று எனக்குப் படுகிறது. வாங்கும் நொடியில் அந்தத் துப்பாக்கி எப்படிப்பட்டது, எல்லை தாண்டிய சரித்திரம் உடையதா இல்லையா என்பதுதான் கேள்வி. வாங்கியவரும் அப்படியே: அவர் ‘ஹேஸ் பீன் கன்விக்டட்’ வகை மனிதர். குற்றத் தீர்ப்பு 1967இல் முடிந்துபோனது. அந்தத் தீர்ப்பைச் சுமப்பவர் என்ற நிலை 1972இலும் முடியவில்லை.

‘ஐ ஹேவ் கம் எஸ்டர்டே’ பிழையா என்ற கேள்விக்கு ஒரு தீர்ப்பு சொல்லித்தான் ஆக வேண்டும். சென்னையில் ஒரு தமிழர் இன்னொரு இந்தியரிடம் சொல்லும்போது அதில் குழப்பம் எதுவும் எழுவதில்லை. கடந்தகாலச் சொல்லோடு பெர்ஃபெக்ட்டைச் சேர்ப்பது இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்று என்று மொழியியலாளர்களும் குறித்திருக்கிறார்கள். ஜெர்மனும் பிரெஞ்சும் போன வழியில் இந்திய ஆங்கிலமும் ஒருநாள் போனால் அதில் மானக்கேடு இல்லை. ஆனால் ஆய்விதழுக்கும் தேர்வுத்தாளுக்கும் விண்ணப்பக் கடிதத்துக்கும் அந்த நாள் இன்னும் வரவில்லை. அங்கே அது பிழைதான்.

பிழையைத் திருத்தும் வழியில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. ‘ஜஸ்ட், ஆல்ரெடி, எட், எவர், நெவர் வந்தால் ஹேவ் போடு’ என்ற பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதைப் பாடப்புத்தகக் குழுக்கள் கைவிட வேண்டும். பட்டியலில் இல்லாத வாக்கியம் வந்தவுடன் அந்தப் பாடம் உதவாது. அதற்குப் பதிலாக வினையின் மூன்றாம் வடிவத்தை ஒப்பிக்கும் மாணவரை ஒரே கேள்வி கேட்கப் பழக்கலாம்: இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ‘இஸ்’ போட்டு ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா? ‘இந்தியா இஸ் ஆன் தி மூன்’ என்று சோமநாத்தால் சொல்ல முடிந்தது. முடிகிற இடத்தில் ‘ஹேவ்’ போடலாம். கூடவே தமிழில் நாம் ‘வந்திருக்கிறார்’, ‘வரவில்லை’, ‘பத்து வருஷமா’ என்று எப்படிப் பேசுகிறோம் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளில் இது நடக்காது. மற்ற இடங்களில் ஒரு பாடவேளை போதும்.

அதுவரை தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கேள்வித்தாளில் ‘எஸ்டர்டே’யைப் பார்த்தால் ‘ஹேவ்’ பக்கம் போகாதீர்கள். ‘மஸ்ட்’ முன்னால் நின்றால் மட்டும் போகலாம்.